ஆங்கிலத்தின் துயர்ச் சொற்கள் – ஒரு நோக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பள்ளி முடிந்து அலுவலக அறையைப் பூட்டும் வேளையில், என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். மகன் அப்பொழுது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் பயின்று கொண்டிருந்தான். உடல்நலமில்லை என்று கிளினிக்குக்கு அழைத்துச் சென்றதாகவும், பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கொடுக்குமாறு மருத்துவர் இக்கடிதத்தைத் தந்ததாகவும் கூறினார். கடிதம் ஆங்கிலத்தில் அரைப்பக்க அளவில் இருந்தது. அதில் 'ஆங்சைட்டி' என்ற சொல் மூன்று முறை வந்திருந்தது. நான் தயங்கவில்லை. "பையன் கவலையாக இருக்கிறானாம் அம்மா" என்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "கவலை யாருக்குத்தான் இல்ல சார்?" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பது ஆண்டுகள் மொழி கற்பித்த நான் அன்று செய்தது மொழிபெயர்ப்புப் பிழை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அகராதி என்னைக் குற்றஞ்சாட்டாது. 'ஆங்சைட்டி' என்றால் கவலை என்றே அதுவும் கூறும். ஆயினும் அத்தாயாரின் கேள்வியில் நியாயம் இருந்தது. மருத்துவர் மூன்று முறை எழுதிய ஒன்றை நான் ஒரு பொதுச்சொல்லாக்கி ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன். அதன் பின்னரே ஆங்கிலத்தின் துயர்ச் சொற்களைச் சற்று நின்று நோக்கத் தொடங்கினேன். அவ்வாறு நோக்கியதில் தெளிந்த சிலவற்றை ஆசிரிய நண்பர்களோடும் மாணவரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

நம் வகுப்பறைகளில் இச்சொற்கள் எவ்வாறு அறிமுகமாகின்றன என்பதை நாம் அறிவோம். கரும்பலகையின் இடப்பக்கத்தில் 'ஆங்க்ரி', 'ஃபியூரியஸ்', 'அனோய்ட்', 'இரிட்டேட்டட்', 'இன்டிக்னன்ட்' என்று ஒரு வரிசை, நடுவே சமக்குறி, வலப்பக்கத்தில் ஐந்துக்கும் பொதுவாகக் 'கோபம்'. மாணவன் ஐந்தையும் மனப்பாடம் செய்கிறான். கட்டுரையில் எதை எங்கே இடுவது என்று அறியாமல், நீளமான சொல்லே உயர்ந்த சொல் என்று கருதி, பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானதற்கு 'இன்டிக்னன்ட்' ஆகிவிடுகிறான். நாமும் சொல்வளம் நன்று என்று மதிப்பெண் இடுகிறோம். அச்சொல் அநீதியைக் கண்டு எழும் சினத்திற்கு உரியது என்பதை அவனுக்குச் சொன்னவர் இலர்.

இத்தகைய பட்டியல்களுக்கெல்லாம் மூதாதை 1852ஆம் ஆண்டில் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட பெருந்தொகுப்பு. ரோஜே மருத்துவர். 1805ஆம் ஆண்டிலேயே தம் சொந்தப் பயனுக்காகச் சொற்களைப் பொருள்வகையாக அடுக்கத் தொடங்கியவர், எழுபத்துமூன்றாம் வயதில் அதை நூலாக்கினார். ஆயிரம் தலைப்புகள், ஆறு பெரும்பிரிவுகள். இறுதிப் பிரிவு உள்ளத்து உணர்வுகளுக்கு உரியது. துயர் அவருக்கு ஏட்டில் மட்டும் கண்ட பொருளன்று. அவர்தம் தாய்மாமன் சர் சாமுவேல் ரோமிலி, இங்கிலாந்தின் கொடிய தண்டனைச் சட்டங்களைத் திருத்தப் போராடிய பெருமகன், மனைவி இறந்த சில நாள்களில், 1818ஆம் ஆண்டில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்நாள்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுள் ரோஜேயும் ஒருவர்.

இத்தகையவர் தொகுத்த நூலில் சொல்லுக்குப் பொருள் எழுதப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவருடைய வாசகர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சொற்கள் அவருக்குத் தெரியும். தேவையான பொழுது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவே. அந்த நினைவூட்டலுக்கே பட்டியல். வீட்டில் தமிழும் தெருவில் மலாயும் பேசிவிட்டு, மூன்றாவதாக ஆங்கிலத்தைக் கற்கும் நம் மாணவனுக்கோ சொல்லே தெரியாது. அவன் கையில் நினைவூட்டுப் பட்டியலைத் தருவது, ஊரே அறியாதவனிடம் தெருப் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுப்பதை ஒக்கும். பிழை ரோஜேயுடையதன்று, நம்முடையது.

இனிச் சொற்களின் உள்ளே புகுவோம். என்னைத் திருப்பி நிறுத்திய சொல் 'ஆங்சைட்டி'யாதலின் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இலத்தீனில் கழுத்தை நெரித்தல், இறுக்குதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது அது. பெருவேதனையைக் குறிக்கும் 'ஆங்குவிஷ்' என்பதும், ஒடுக்கம், குறுகிய இடம் என்னும் பொருளுடைய உறவுச்சொல்லின் வழி வந்ததே. சினத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' இவற்றுக்குத் தொலைவு உறவு. வடநாட்டு நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துள் புகுந்தபொழுது அதன் பொருள் சினமன்று, துன்பமே. சினம் என்ற பொருள் பிற்பாடு ஏறியது. இவற்றோடு இரத்த உறவில்லாத, தூய ஆங்கிலச் சொல்லான 'வொரி' என்பதைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கும் கழுத்தை நெரித்தல் என்பதே பொருள்! பின்னர் நாய் ஆட்டின் குரல்வளையைக் கவ்விக் குதறுவதைக் குறித்தது. கவலைப்படுதல் என்று நாம் இன்று வழங்கும் பொருளோ 19ஆம் நூற்றாண்டில் நிலைத்தது.

வேறுவேறு வழியாக வந்த சொற்கள் மனிதனின் தொண்டையில் வந்து கூடுவது தற்செயலாக இருக்க முடியுமா? அஞ்சுகிறவனுக்கும் ஏங்குகிறவனுக்கும் முதலில் அடைபடுவது தொண்டையே. தமிழரும் 'நெஞ்சை அடைக்கிறது', 'தொண்டையை அடைக்கிறது' என்றுதானே சொல்கிறோம்? சுமையிலிருந்து பிறந்தது 'கிரீஃப்'. மீண்டும் மீண்டும் கடித்தலிலிருந்து பிறந்தது 'ரிமோர்ஸ்'. 'சேட்' என்ற எளிய சொல்லோ முதற்கண் வயிறு நிறைந்தவனைக் குறித்து, அதன் பின் கனத்தையும் நிதானத்தையும் குறித்து, கடைசியாகவே துயரத்துக்கு வந்து சேர்ந்தது. நம் மலாய் நண்பர் மனம் புண்பட்டால் 'சாக்கிட் ஹாத்தி' என்கிறார். ஹாத்தி என்பது ஈரல். பிறர் வாழ்வு பொறாதவனுக்குத் தமிழில் வயிறு எரிகிறது. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் சிடுசிடுப்பையும் சோர்வையும் மண்ணீரலின் பெயரால் 'ஸ்ப்ளீன்' என்றே வழங்கினர்.

இங்குத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருதல் இயல்பு. உணர்வு உடலில் புலப்படுதலே மெய்ப்பாடு. அவ்வியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் வகுத்தது. வெகுளி என்றால் எதனால் வெகுளி? உறுப்பை அறுத்ததாலா, குடியை நலிந்ததாலா, அலைத்ததாலா, கொலை செய்ததாலா? அச்சம் என்றால் எதனால் அச்சம்? இந்த 'எதனால்' என்னும் வினாவே ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறியவும் ஏற்ற கருவி என்பது என் அனுபவம். அற்பக் காரணம் தொடர்ந்து உறுத்தினால் 'இரிட்டேட்டட்'. பழைய காயம் ஆறாமல் மீண்டும் மீண்டும் உணரப்பட்டால் 'ரிசென்ட்மென்ட்'. செய்த செயல் சுட்டால் 'கில்ட்'. செய்தவன் நான் என்று முகம் காட்ட முடியாமற்போனால் 'ஷேம்'. பிறனிடம் உள்ளது எனக்கில்லையே என்பது 'என்வி'. என்னிடம் உள்ளதைப் பிறன் கொண்டுபோவானோ என்பது 'ஜெலசி'. இரண்டையும் பொறாமை என்றே பெயர்த்துவிட்டு 'ஒதெல்லோ' நாடகத்தைக் கற்பித்தால், ஒதெல்லோவும் இயாகோவும் ஒரே நோயுடையவராகத் தோன்றுவர். ஒதெல்லோவை அழித்தது ஐயம். இயாகோவுக்கோ, கேசியோ பெற்ற பதவி கண்ணில் முள்.

'டிப்ரெஷன்' என்பதன் கதை வேறு வகையானது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த சொல் 'மெலன்கலி'. கரும்பித்தம் என்பது அதன் நேர்ப்பொருள். உடலிலுள்ள நான்கு நீர்களுள் கரிய பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்பது பண்டைக் கிரேக்க மருத்துவம். ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த ராபர்ட் பர்ட்டன் 1621ஆம் ஆண்டில் அந்த ஒரே சொல்லைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். எழுதி முடித்தாரில்லை, 1640இல் இறக்கும்வரை பதிப்புக்குப் பதிப்பு விரித்துக்கொண்டே இருந்தார். அந்நோய் தம்மை அண்டாதிருக்கவே அதைப் பற்றி எழுதுவதாகவும் கூறினார். அம்மருத்துவம் பொய்த்துப்போனது, பித்தநீர்க் கொள்கையை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆயினும் அச்சொல்லில் நிறம் இருந்தது. அதனிடத்தில் வந்த 'டிப்ரெஷன்' கீழே அழுத்தப்படுதல் என்னும் பொருளுடையது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் தாமே அந்நோயின் கொடுமையை அனுபவித்து மீண்டு, 1990இல் எழுதிய நூலில் இச்சொல்லைக் கடுமையாகச் சாடினார். தரையிலுள்ள பள்ளத்துக்கும் பொருளாதார வீழ்ச்சிக்கும் வழங்கும் ஒரு சாரமற்ற சொல்லை இத்துணைக் கொடிய நோய்க்கு இட்டார்களே என்பது அவர் மனக்குறை. தாய்மொழியாளர் ஒருவரே தம் மொழியின் சொல் போதவில்லை என்று முறையிடுவதை நம் மாணவர் அறிவது நலம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் சரியான சொல் உண்டு என்ற மயக்கம் நம்மவரிடம் மிகுதி.

நாம் செய்ததோ இன்னும் விந்தை. 'டிப்ரெஷன்' என்பதில் உள்ள 'அழுத்து' என்னும் பகுதியை எடுத்து 'மன அழுத்தம்' என்றோம். அதே வேளையில் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் 'மன அழுத்தம்' என்றோம். 'ஸ்ட்ரெஸ்' பொறியியலில் பாரம் தாங்கும் பொருளின் மீதுள்ள விசையைக் குறிப்பது. மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே 1956ஆம் ஆண்டில் எழுதிய நூலினால் அது உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய சொல்லாக உலகெங்கும் பரவிற்று. தேர்வு நெருங்கினால் வருவதும், நெருக்கடி நீங்கினால் தணிவதும் அது. மற்றதோ காரணம் நீங்கினாலும் நீங்காதது, உண்ணவிடாது, உறங்கவிடாது, எழவிடாது, மருத்துவம் வேண்டுவது. இவ்விரண்டுக்கும் ஒரே தமிழ்ப்பெயரை இட்டுவிட்டு, ஒரு பிள்ளை தனக்கு மன அழுத்தம் என்று சொல்லும்பொழுது, 'எனக்கும்தான் மன அழுத்தம், போய்ப் படி' என்று அனுப்பிவிடுகிறோம். மனச்சோர்வு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. முன்னதற்கு இதையும் பின்னதற்கு மன நெருக்கடி என்பதையும் வழங்கினால் என்ன கெட்டுவிடும்? மலாய்மொழியில் 'கெமுருங்கான்' வேறு, 'தெக்கானான்' வேறு என்று பிரித்தே எழுதுகிறார்கள். நம் பிள்ளைகளே அப்பாடத்தைப் படிக்கிறார்கள்.

இலக்கணத்திலும் ஒரு செய்தி உண்டு. என் மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரையில், கோபம் எனக்கு வந்தது என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதியிருந்தான். சிவப்பு மையால் வெட்டினேன். ஆங்கிலத்தில் உணர்வு வருவதில்லை. மனிதனே கோபமுள்ளவனாக இருக்கிறான். தமிழில் உணர்வு விருந்தினரைப்போல் வருகிறது, போகிறது. அன்றேல் நாம் அதைப் 'படுகிறோம்': கவலைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் தமிழைப்போல் பேசியதே. வருந்துதலையும் இரங்குதலையும் குறிக்கும் வினைகள் பழைய ஆங்கிலத்தில் 'எனக்கு' என்னும் உருபோடு வந்தன. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் அதன் சுவடு உண்டு. 'இட் இர்க்ஸ் மீ' என்னும் வழக்கில் இன்றும் எஞ்சியிருக்கிறது. வெட்டியது சரியே. காரணத்தையும் சொல்லி வெட்டியிருக்கலாம்.

ஆங்கிலம் கொடுப்பது போலவே வாங்கவும் செய்தது. வெறிகொண்டு கண்டவரைத் தாக்குவதைக் குறிக்கும் 'அமோக்' மலாய்ச் சொல். ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1895இல் எழுதிய மலாய்ச் சித்திரங்களில் அதற்கெனவே ஓர் இயல் உண்டு. தம் மொழியில் பெயரில்லாத ஒன்றைக் கண்டபொழுது அவர்கள் நம் நாட்டுச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

நம் சிறுகதை எழுதும் இளைஞருக்கும் ஒரு சொல். அண்மைக்காலக் கதைகள் பலவற்றில் பாத்திரங்கள் 'டென்ஷன்' ஆகிறார்கள், 'அப்செட்' ஆகிறார்கள், அடுத்த வரியில் 'நார்மல்' ஆகிவிடுகிறார்கள். பிறமொழிச் சொல் புகுந்தது என்பதற்காக மட்டும் நான் வருந்தவில்லை. பெயரைச் சொன்னவுடன் உணர்வைச் சொல்லிவிட்டதாக எழுதியவர் நிம்மதி அடைந்துவிடுகிறாரே, அதுதான் குறை. 'அவள் சோகத்தில் ஆழ்ந்தாள்' என்று நல்ல தமிழில் எழுதுபவரும் இக்குறைக்கு விலக்கல்லர். அவள் கை என்ன செய்தது, சோறு இறங்கிற்றா, அழைத்தபொழுது திரும்பிப் பார்த்தாளா என்று எழுதட்டும்.

இத்தனையும் படித்தபின் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றேன். மூன்று வாரங்கள் கடந்திருந்தன. கடிதம் இன்னும் அதே பையில் இருந்தது. மீண்டும் வாங்கிப் படித்து, இம்முறை அகராதிப் பொருளை விட்டுவிட்டு, "நெஞ்சு படபடக்கும் அம்மா, மூச்சு முட்டும், கழுத்தை யாரோ பிடித்து இறுக்குவதுபோல் தொண்டை அடைக்கும், காரணம் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது, அப்படி ஒரு நோய் இது" என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தொண்ட அடைக்குதுன்னுதான் சார் சொல்லிக்கிட்டே இருந்தான். அதுக்குத்தான் கிளினிக்குக்கே கூட்டிட்டுப் போனோம். தொண்டையில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னதும், பள்ளிக்கூடம் போகாம இருக்கப் பொய் சொல்றான்னு அவங்க அப்பா அடிச்சிட்டாரு சார்."