முன் அனுபவம்: இல்லை

'பயோடேட்டா' என்ற சொல் நம் ஊரில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று கல்யாணத் தரகரின் பையில். மற்றொன்று வேலை கேட்டுப் போகிற அலுவலக மேசையில். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் அச்சடித்த படிவத்தை வாங்கிப் பாருங்கள். பெயருக்கு அடுத்த வரியிலேயே தந்தை அல்லது கணவர் பெயர். பிறகு மதம், திருமணமானவரா என்ற கேள்வி. கல்வித் தகுதியெல்லாம் தாண்டி அடியில் ஒரு கோடு: முன் அனுபவம். ஒரு பெண் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று தெரிந்துகொள்ள இருக்கிற அவசரம், அவளுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்பதில் இல்லை.

எங்கள் தெரு அக்கா ஒருவர், தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலைக்காக அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். வயது 43, படிப்பு பிளஸ் டூ. கடைசிக் கோட்டில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். "குழுவில் ஒன்பது வருஷம் ஊக்குநரா இருந்தீங்களே, அது?" என்று கேட்டேன். "அதுக்கு யாரு சம்பளம் குடுத்தா?" என்றார்.

அந்தப் படிவத்தின் இலக்கணமே அவருடைய பதிலில் இருக்கிறது. படிவம் அனுபவத்தைக் கேட்பதுபோல் கேட்கிறது. உண்மையில் அது கேட்பது, சம்பளம் கொடுத்தவர் எவராவது உண்டா என்பதை. உழைப்புக்கு முதலாளி ஒருவர் சாட்சி சொன்னால்தான் அது அனுபவம், இல்லையென்றால் பொழுதுபோக்கு.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இது எந்த ரெஸ்யூமேயிலும் வராது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளை உழைக்காதோர் பட்டியலில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது சாலை விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கான இழப்பீட்டு வழக்கு. அவருடைய உழைப்புக்கு ஒரு விலை எழுதப்பட, முதலில் அவர் சாக வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக ஒரு ஆலோசனை இப்போது பிரபலம்: 'இல்லத்தரசி' என்று எழுதாதே, 'இல்ல நிர்வாக இயக்குநர்' என்று எழுது, குழந்தை வளர்ப்பை 'மனிதவள மேலாண்மை' ஆக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சோறு வடித்தது சோறு வடித்ததுதான்; அதற்குக் கோட்டு மாட்டிவிட்டால்தான் மதிப்பு என்றால், நாமும் முதலாளியின் கண்ணால்தான் நம் உழைப்பைப் பார்க்கிறோம். தவிர, நேர்காணல் மேசையில் இந்தச் சொற்கள் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பும் நம் மேல்தான் விழும்.

நாங்கள் வேறு வழி எடுத்தோம். அச்சுப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாளில் எழுதினோம். கணவர் பெயர், மதம், திருமண நிலை மூன்றும் போயின. மேலே தொலைபேசி எண். அதற்கு நேர் கீழே அனுபவம். 'ஊக்குநர், மகளிர் சுய உதவிக் குழு, 2015–2024. 14 உறுப்பினர்களின் சேமிப்பு, கடன் பேரேடுகள் எழுதும் பொறுப்பு. வாரக் கூட்டத் தீர்மானங்கள் பதிவு. மூன்று வங்கிக் கடன்கள். தவணை தவறாமல் முழுதும் அடைக்கப்பட்டன.' அதற்கு முந்தைய வருடங்களுக்கு 'குடும்பப் பராமரிப்பு' என்று ஒரே வரி. மன்னிப்பும் இல்லை, அலங்காரமும் இல்லை. சாட்சியாக ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் ஒரு கடிதம். என்ன செய்தேன், எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், எந்த ஏடு சாட்சி: இந்த நான்குக்கும் விடை இருந்தால் சம்பளச் சீட்டு இல்லாத வேலையும் தாளில் நிற்கும். கோயில் விழாவின் வரவு செலவு, அண்ணன் கடையின் கணக்கு, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லோருக்கும் பொருந்துமா? அதே தெருவில் இன்னொரு அக்கா, நான்கு வீடுகளில் 20 வருடமாகப் பாத்திரம் துலக்குகிறார். சம்பளமும் வாங்கினார், முதலாளிகளும் இருந்தார்கள். ஆனால் ஒரு வீடும் கடிதம் தராது. கேட்டால் வேலையே போய்விடலாம். ஆக, சம்பளம் மட்டும் போதாது; எழுத்தில் ஒப்புக்கொள்கிற முதலாளியும் வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒரு பணிச்சான்று எழுதித் தருவது பெண்ணியம் பேசுகிற நம் வீடுகளிலிருந்தே தொடங்கலாம். அதற்கு ஒரு பக்கம் போதும்.

குழு அக்காவை நேர்காணலுக்கு அழைத்தார்கள். "இந்தக் கணக்கெல்லாம் நீங்களே எழுதினதா? வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா மஞ்சப்பையிலிருந்து பேரேட்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஏதாவது ஒரு பக்கத்தைப் புரட்டிக் கேள்வி கேட்கச் சொன்னாராம். வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான்; அதற்கான சண்டை பாக்கி இருக்கிறது.