உழைப்பின் மாண்பும் பட்டாசு அறையும்: ஒரு சுற்றுமடலின் மதிப்பீடு

போப் இரண்டாம் ஜான் பால், கத்தோலிக்கச் சகோதரர் வழக்கில் இரண்டாம் அருள் சின்னப்பர், 1981 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல் மானிட உழைப்பைப் பற்றியது. பதின்மூன்றாம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய 'ரேரும் நோவாரும்' மடலின் தொண்ணூறாம் ஆண்டு நினைவாக அது எழுந்தது. 2025 மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட பதினான்காம் லியோ, தம் பெயருக்கு அப்பழைய மடலையே முதற்காரணமாகக் காட்டியமையால் இம்மரபு மீண்டும் பேசப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஊழியம் செய்வோர் இதனைப் பிறர் வீட்டு ஆவணமென ஒதுக்கிவிடலாகாது. அதே வேளையில், பட்டாசு அறையின் வாசலில் வைத்து இதனை உரைத்துப் பார்க்கவும் வேண்டும்.

மடலின் மையக் கருத்து யாதெனில், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பதாம். செய்யப்படும் பொருளின் விலையைக் கொண்டு உழைப்பை அளவிடலாகாது. செய்பவர் ஓர் ஆள் என்பதே அதன் மதிப்பு. ஆகவே உழைப்பு மூலதனத்திற்கு முற்பட்டது என்று போப் வாதிடுகிறார். இதற்கு அடிப்படை, ஆதியாகமம் முதலாம் அதிகாரம் கூறும் தேவசாயல்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, வானம் பார்த்த கரிசல் பூமிக்குத் தொழில் சோறு போட்டது. இதனை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதிகள் உள்ளன. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், எண்ணிக்கைக் கூலிக்காகக் கைகள் விரைவதும், தீபாவளி நெருங்க நெருங்க ஆள் நெருக்கடி மிகுவதும் அவ்விதிகளைக் காகிதமாக்கிவிடுகின்றன. விபத்துக்குப் பின் போர்மேன் கைதாகிறார். அதற்குமேல் பொறுப்பு ஏறுவது அரிது.

இவ்விடத்தில்தான் மடலின் மிகக் கூரிய கருத்து நமக்கு உதவுகிறது. நேரடி முதலாளிக்கு அப்பால் 'மறைமுக முதலாளி' ஒருவர் உண்டு என்கிறார் போப். உழைப்பின் நிபந்தனைகளைத் தூர இருந்து தீர்மானிக்கும் அரசும் நிறுவனங்களும் பொருளாதார ஒழுங்குகளும் அதில் அடங்கும். முன்பணம் தந்து சரக்குக்கு அவசரப்படுத்தும் வடநாட்டு வியாபாரியும், ஆய்வை ஒப்புக்கு நடத்தும் அலுவலரும், மலிவாகக் கேட்கும் நாமும் இதற்கு விலக்கல்லர். கிறிஸ்மஸ் இரவில் ஆலய வளாகத்தில் சரவெடி கொளுத்தும் சபையும் விலக்கன்று.

ஆயினும் மூன்று குறைகளை நாம் சுட்டாதிருக்க இயலாது. முதலாவது, குடும்பத் தலைவனின் ஊதியத்தால் தாய் வீட்டில் இருக்கத்தக்க ஒழுங்கை மடல் விரும்புகிறது. தாயின் கூலியின்றி உலை கொதிக்காத சாத்தூர், வெம்பக்கோட்டைக் கிராமங்களின் பெண்களுக்கு அது தொலைவான பேச்சு. அவர்கள் கேட்பது சரியான கூலியும் பாதுகாப்பான அறையும்.

இரண்டாவது, சாதி. அபாயமான வேலை யார் கைக்கு வருகிறது என்பதைச் சாதியும் நிலமின்மையும் சேர்ந்தே தீர்மானிக்கும் நாட்டில், உழைப்பு, மூலதனம் என்னும் இரண்டு சொற்கள் போதா. அதே 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் சூத்திர இறையியலை நோக்கி அழைத்தார் என்பது நினைக்கத்தக்கது. 2003 நவம்பரில் தமிழகக் கத்தோலிக்க ஆயர்களிடம் சாதி வேற்றுமையைப் போப் வன்மையாகக் கண்டித்தார்; ஆயின் உழைப்பைப் பற்றிய போதனையோடு அது இணைக்கப்படவில்லை. சாதிவாரியாகக் கல்லறை பிரித்த வரலாறு நம் பக்கத்திலும் இருக்கையில், இக்குறையை நாம் தாழ்மையோடுதான் கூற இயலும்.

மூன்றாவது, மடலின் இறுதிப் பகுதி உழைப்பின் வருத்தத்தைச் சிலுவையோடு சேர்க்கிறது. தவிர்க்க இயலாத வியர்வைக்கு இது ஆறுதல். தவிர்க்கத்தக்க தீக்காயத்திற்கு இதனைப் பொருத்தினால் அது அநீதிக்குத் திரை. மேலும், உழைப்பினால் மனிதன் மேலும் மனிதனாகிறான் என்று மடல் கூறுகையில், விரல்கள் கருகி இனி உழைக்க இயலாதவளைப் பற்றிய கேள்வி எழுகிறது. ஊனமுற்றோரின் உரிமையை மடல் மறக்கவில்லை என்பது உண்மை. எனினும் மாண்பு ஈட்டப்படுவதன்று, கிருபையால் அருளப்படுவது என்னும் சீர்திருத்தச் சபைகளின் போதனையே இங்கு உறுதியான தரை. 2024-இல் ரோமாபுரி வெளியிட்ட 'டிக்னிடாஸ் இன்ஃபினிடா' அறிக்கையும் எந்தச் சூழலும் அழிக்கவொண்ணாத மாண்பை வற்புறுத்தி இதனை நெருங்குகிறது.

புதுவீட்டின் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன் மேல் இரத்தப்பழி வரும் என்பது உபாகமத்தின் சட்டம். விழுந்தவனின் விதியை அது பேசவில்லை. கட்டாதவனின் கடமையையே பேசுகிறது. ஆதலின் அடக்க ஆராதனையில் நிற்கும் போதகர் ஒன்றை முடிவு செய்தல் வேண்டும். அளவுக்கு மீறி ஆட்களும் மருந்தும் அடைக்கப்பட்ட அறையின் சாவைக் 'கர்த்தருடைய சித்தம்' என்று அவர் கூறலாகாது. கூறினால், மறைமுக முதலாளிக்கு அவரே சாட்சியாகிவிடுகிறார்.