வௌவாலின் பொறுமை எவ்வளவு தூரம்?

புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் 2020 ஆய்வில் தமிழ்நாட்டின் கணக்கு ஒரே ஒரு வௌவால். 508 பழந்தின்னி வௌவால்களின் தொண்டைச் சளியைச் சோதித்ததில் 21-இல் கொரோனா வைரஸ் (கோவிட் வைரஸ் அல்ல) தென்பட்டது: கேரளம் 12, புதுச்சேரி 6, இமாசலம் 2, நமக்கு 1. களப்பணி நேர்த்தியானது. ஆனால் அது தலை எண்ணும் கணக்கு. அந்த உடல் வைரஸை எப்படி எதிர்கொண்டது என்று அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வருவது சகிப்புக் கோட்பாடு: வௌவால் வைரஸை அழிப்பதில்லை, அதனோடு வாழ்கிறது. இதன் வலுவான சான்று, சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் குழுவின் 2019 ஆய்வு. ஆஸ்திரேலியக் கரும்பழந்தின்னியின் நோயெதிர்ப்புச் செல்களில் மெர்ஸ், இன்ஃப்ளூயன்சா வைரஸ்களைச் செலுத்தினார்கள். வைரஸின் அளவு பெரிதாகக் குறையவில்லை. அழற்சியைத் தூண்டும் என்எல்ஆர்பி3 புரதம் மட்டும் அடங்கியே இருந்தது. எதிர்ப்பு வேறு, சகிப்பு வேறு என்று பிரித்துக் காட்டியதே இந்த ஆய்வின் சாதனை. முந்தைய ஆண்டில் வந்த, நோயெதிர்ப்பைத் தூண்டும் ஸ்டிங் புரதம் பற்றிய ஆய்வுக்கு இத்தனை ஆழம் இல்லை, அகலம் உண்டு: ஆராய்ந்த 30 வௌவால் இனங்களிலும் அந்தப் புரதத்தின் ஒரே இடத்தில் அமினோ அமிலம் மாறியிருந்தது.

கோட்பாட்டின் மறுபாதி, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரான் வௌவாலில் எப்போதும் விழித்திருக்கிறது என்பது. அது இவ்வளவு பாரம் தாங்காது. 2016-இல் கரும்பழந்தின்னியிடம் மூன்றே ஆல்ஃபா இன்டர்ஃபெரான் மரபணுக்கள், தொற்று இல்லாதபோதும் இயங்கக் கண்டார்கள். 2018-இல் எகிப்தியப் பழந்தின்னியின் மரபணுத்தொகுப்பிலோ இன்டர்ஃபெரான் மரபணுக் குடும்பம் பெருகிக் கிடந்தது. ஓரினத்தின் இயல்பை 1,400-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பொதுவாக்கியது முறையியல் பிழை. சகிப்புக்கும் வரம்பு உண்டு: வெறிநோய் வௌவாலையும் கொல்கிறது.

என் தீர்ப்பு: அழற்சி பற்றிய பாதி நிற்கும், இன்டர்ஃபெரான் பாதி தன் இனத்துக்குள் ஒடுங்க வேண்டும். இரண்டும் தொடாத கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. வங்கதேசத்தில் காய்ச்சாத ஈச்சஞ்சாறு வௌவாலிடமிருந்து நிபா வைரஸைப் பரப்பியது. மணப்பாட்டுப் பக்கம் பதநீர் குடிப்பவர் கேட்க வேண்டியதும் அதுதான்: வௌவால் வைரஸை எப்போது வெளியேற்றுகிறது? (கலயத்தில் சுண்ணாம்பு பூசுவது புளிக்காமல் இருக்க, வௌவாலை நினைத்தல்ல.) ஆஸ்திரேலியாவின் 2008 களஆய்வு ஒரு வழியைக் காட்டியது: கருவுற்ற, பாலூட்டும், இரை போதாத சிறு செம்பழந்தின்னிகளிடம் ஹென்ட்ரா என்ற வௌவால் வைரஸுக்கான எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது. நம் ஆலமரத்து வௌவால்களையும் அப்படிப் பருவந்தோறும் பின்தொடர வேண்டும். ஒருமுறை எடுத்த தொண்டைச் சளி போதாது.