குறுங்கதையும் கூட்டுப்பணமும்

பலரிடம் சிறுதொகை திரட்டி எழுத்தாளனே தன் நூலை அச்சிடும் வழக்கம், 2009இல் அமெரிக்காவில் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணைய நிறுவனம் தோன்றிய பின் உலகெங்கும் பரவியுள்ளது. அரைப்பக்கம், ஒரு பக்கம் என அமையும் குறுங்கதைகளும் இவ்வழியே தொகுதிகளாகின்றன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் கதைகளுக்கு இம்முறை உகந்ததா என்பதை நாம் ஆராய வேண்டும்.

முறை நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார், நூல் வெளிவந்தது. 1920இல் பாரதி தம் நூல்களை வெளியிடக் கடன் வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார், திட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு அவர் மறைந்தார். பழைய காப்பியத்துக்குக் கைகொடுத்த சமூகம் புதிய கவிஞனைக் கைவிட்டது. பணம் தருவோர் யார் என்பதே நூலின் விதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மலையகத்தின் அனுபவமும் இதுவே. தோட்டத் தொழிலாளரிடையே பாடிய மீனாட்சியம்மையின் பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளை 'கதைக்கனிகள்' என 1971இல் வீரகேசரி வெளியிட்டது. 1960களின் தொடக்கத்திலேயே புகழ்பெற்ற 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை எழுதிய என். எஸ். எம். இராமையாவின் தொகுதி, வைகறையின் முயற்சியால் 1980இல்தான் நூலுருப் பெற்றது. 'மலையகச் சிறுகதைகள்' வெளிவர 1997இல் துரை விஸ்வநாதன் என்னும் வணிகரின் இலக்கியப் பற்று தேவைப்பட்டது. பதிப்பாளன் கிடைக்கும்வரை காத்திருந்த வரலாறு இது. கூட்டுப்பணம் அந்தக் காத்திருப்பை ஒழிக்குமாயின் அதனை வரவேற்கிறோம்.

ஆனால் வடிவம் பற்றியும் சிந்திக்க வேண்டும். மலையகம் என்றவுடன் நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளே பலர் கண்முன் வருகின்றன. சப்ரகமுவவில் தேயிலையோடு றப்பரும் உண்டு. விடியலில் பால் வெட்டப் போகிறவளின் வருவாயை வானமே தீர்மானிக்கிறது. மரத்தில் கட்டிய சிரட்டையில் மழைநீர் நிரம்பினால் அன்றைய உழைப்பு வீண். இந்த ஒரு காட்சி போதும், ஒரு குறுங்கதைக்கு. சுருக்கம் இங்கே அலங்காரமன்று. வாழ்வின் இறுக்கமே சொல்லின் இறுக்கமாகிறது.

அதே வடிவம் கடைசி வரியில் வியப்பூட்டும் வெறும் விடுகதையாகவும் சீரழியலாம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். லயங்களை விட்டு ஓடினர். அந்த இரவை ஒரு திடீர்த் திருப்பத்துக்காகப் பயன்படுத்துபவன் துயரத்தை விற்பவனே. தாக்கியது யார், தூண்டியது யார், அடைக்கலம் தந்த சிங்கள அயலவர் யார் என்பவற்றை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் காட்டும் சுருக்கம், உண்மையைச் சுருக்கிவிடுகிறது.

தொலைவிலிருந்து பணம் அனுப்பும் அன்பருக்கு அந்தக் கண்ணீரே போதுமானதாகலாம். அவர் மனம் நோகாமல் எழுதும் சோதனை எழுத்தாளனுக்கு நேரும். முதலாளிப் பதிப்பாளனிடமிருந்து விடுபட்டவன் கொடையாளியிடம் சிக்குவதில் என்ன விடுதலை?

2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளொன்றின் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நூலின் விலை அதனை எட்டுமாயின், எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதனை வாங்கமாட்டார். எனவே திரட்டும் பணத்தில் ஒரு பங்கு தோட்டப் பாடசாலைகளுக்குப் பிரதிகளாகத் திரும்ப வேண்டும். கதைகள் அச்சேறுமுன் லயத்து வாசலில் வாசிக்கப்படவும் வேண்டும். அங்கே, "இது எங்கள் கதைதான்" என்று ஒரு பால்வெட்டும் பெண் சொல்வாளாயின், அதுவே அந்நூலுக்குக் கிடைக்கும் முதற் கையொப்பம்.