அழைப்பு யாருக்கு வந்தது?

மிஷனெரி ஞாயிறு என்றால் நம் சபைகளில் வில்லியம் கேரி வராமல் இருக்க மாட்டார். செருப்புத் தைத்துப் பிழைத்தவர், 1793இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வங்கத்துக்கு வந்தவர், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதே கப்பலில் கைக்குழந்தையோடு ஏறிய அவருடைய மனைவி டாரதியைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் வந்தாலே அதிகம். அதுவும், மனைவி ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் கேரி தளரவில்லை என்கிற தோரணையில்தான் இருக்கும். இளம் தம்பதியாகப் பிள்ளைகளோடு அயல்தேசம் போய் ஊழியம் செய்யும் வழக்கத்தை எடைபோட, நாம் சொல்லாமல் விடும் அந்தப் பெண்ணிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். இந்த வழக்கத்தின்மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அதனாலேயே அதன் குறைகளை மூடிவைக்க மனம் வரவில்லை.

குடும்பத்தையே அனுப்பும் முறை தொன்றுதொட்டு வந்ததல்ல. தமிழகத்துக்கு வந்த நொபிலியும் பெஸ்கியும் துறவிகள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது சீகன்பால்குவும் மணமாகாதவர்தான். ஐரோப்பா போய்விட்டு 1716இல் திரும்பும்போதுதான் மனைவியோடு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் புரொட்டஸ்டன்ட் சங்கங்கள் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கின. அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1836இல் மிஷனெரிகளின் திருமணத்தை ஆதரித்து ஒரு கட்டுரையே எழுதினார். கிறிஸ்தவ இல்லம் எப்படியிருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும், தனியாளாகப் போகிறவன் சீக்கிரம் சோர்ந்துபோவான், வீட்டுக்குள் இருக்கும் பெண்களிடம் பேசப் பெண்தான் போக முடியும் என்பவை அந்தக் காலத்து வாதங்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சம்பளமும் பதவியும் கணவர் பெயரில் இருந்தன. மனைவியின் பெயர் உதவி மிஷனெரி என்ற தலைப்பின் கீழ் வந்தது.

அந்த உதவி எப்படிப்பட்டது என்பதற்கு யாழ்ப்பாணத்து உடுவிலைப் பார்த்தால் போதும். மைரன் வின்ஸ்லோவை 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியால் நமக்குத் தெரியும். அவருடைய மனைவி ஹாரியட் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே இல்லாத காலம். வெள்ளைக்கார ஆண் ஒருவர் படலையில் நின்று கேட்டிருந்தால் எந்தத் தாயும் மகளைக் கொடுத்திருக்க மாட்டார். தானும் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டபோது கொடுத்தார்கள். உடுவில் மகளிர் கல்லூரி இன்றும் நடக்கிறது.

இந்த வழக்கத்தின் முழு பலத்தையும் காட்டுவது பர்மா. அதோனிராம் ஜட்சனுக்கு 23 வயது, ஆனுக்கு 22. 1812 பிப்ரவரியில் திருமணமாகி இரண்டே வாரத்தில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. மொரீஷியஸ், சென்னை என்று அலைந்து, சென்னையிலிருந்து கிடைத்த கப்பலில் 1813 ஜூலையில் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அடுத்தவன் ரோஜர் எட்டாவது மாதத்தில் போய்விட்டான். முதல் பர்மிய விசுவாசியான மவுங் நவ் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். அதுவரை ஆறு வருடம் ஆன் சும்மா இருக்கவில்லை. பர்மியப் பெண்களைக் கூட்டி வேதம் வாசித்தார், வினாவிடை ஒன்றைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தார், ரங்கூனில் வாழ்ந்த சயாம் மக்களுக்காகச் சயாமிய மொழியையும் கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாம் ஒற்றர்கள் என்று ஆவா நகரத்தில் ஜட்சனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கர்ப்பிணியாக இருந்த ஆன் அதிகாரிகளின் வாசலுக்கு நடையாய் நடந்தார், லஞ்சம் கொடுத்தார், கெஞ்சினார், சாப்பாடு கொண்டுபோனார். கணவருக்குப் பிறந்த ஊர் நினைவு வரட்டும் என்று எருமைக்கறியையும் வாழைக்காயையும் வைத்து அமெரிக்கப் பண்டம் ஒன்றைப் பக்குவமாகச் செய்து அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த ஜட்சனுக்குத் துக்கம் பொங்கிவந்து சாப்பிட முடியவில்லை. புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை யாரும் ஆசைப்படாத முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பியதும் அவர்தான். பர்மியர் இன்றும் வாசிக்கும் ஜட்சன் வேதாகமத்துக்குப் பின்னால் அந்தத் தலையணை இருக்கிறது.

1825 ஜனவரியில் மகள் மரியா பிறந்தாள். கைதிகளை வேறு ஊருக்கு மாற்றியபோது ஆனும் பின்னாலேயே போனார். அங்கே கடும் காய்ச்சலில் விழுந்து பால் வற்றிப்போனது. காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து, ஜட்சன் சிறையிலிருந்து வெளியே வந்து, கைக்குழந்தையோடு அந்தக் கிராமத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரின் வாசல்களில் பால் கேட்டு நின்றார். எனக்கு அவர்களின் பிரசங்கங்களைவிட இந்தக் காட்சி பெரிது. தனியாளாக வரும் ஊழியக்காரர் கொடுக்க வந்தவராகவே கடைசிவரை இருந்துவிடலாம். குடும்பத்தோடு வந்தவர் வாங்கித்தான் ஆக வேண்டும்; பக்கத்து வீட்டுத் தாயின் தயவு இல்லாமல் அவர் பிள்ளை பிழைக்காது. சுவிசேஷம் சொல்ல வந்தவர் அந்த மக்களிடம் கடன்படுகிறார். குடும்பமாகப் போவதன் ஆகப்பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், வயது 36. ஆறு மாதத்தில் மரியாவும் போனாள்.

ஆன் இந்த விலையைத் தெரிந்தேதான் போனார் என்பது முக்கியம். திருமணத்துக்கு முன் 1810இல் ஜட்சன் ஆனின் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. மகளை இந்த உலகத்தில் இனி பார்க்க முடியாமல் போகலாம், சீதோஷ்ணம் கொல்லலாம், கொடிய சாவுகூட வரலாம் என்று வெளிப்படையாக எழுதிச் சம்மதம் கேட்டார். தகப்பனார் முடிவை மகளிடமே விட்டார். படித்த பெண், பள்ளி ஆசிரியை, பல நாள் யோசித்து, பயந்து, ஜெபித்து, தானே முடிவெடுத்தார்.

டாரதிக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1781இல் கேரியை மணந்தபோது திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டவர் அவர். அவர் கட்டிக்கொண்டது ஒரு கிராமத்துச் செருப்புத் தொழிலாளியை. பன்னிரண்டு வருடம் கழித்து, கர்ப்பிணியாக இருக்கையில், இந்தியா போகிறோம் என்ற செய்தி வந்தது. மாட்டேன் என்றார். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அனுமதிச் சிக்கலால் பயணம் தள்ளிப்போக, உடன் ஊழியரான ஜான் தாமஸ் திரும்பி வந்து, நீங்கள் வராவிட்டால் குடும்பம் சிதறிப்போகும், வாழ்நாளெல்லாம் வருந்துவீர்கள் என்று அழுத்திச் சொன்னார். என் சகோதரியும் துணைக்கு வந்தால் வருகிறேன் என்று டாரதி இறங்கிவந்தார். வங்கத்துக்கு வந்த மறு வருடமே அந்தச் சகோதரி கம்பெனி அதிகாரி ஒருவரை மணந்து தங்கிவிட்டார். அதே வருடம் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் நிலைகுலைந்தது. 1807இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார். கேரி அடுத்த அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கேரியின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்து ஆளாக்கியதில் செராம்பூரில் உடன் ஊழியம் செய்த ஹன்னா மார்ஷ்மனுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேரியைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். மனநோய்க்கு மருத்துவம் இல்லாத காலத்தில் அவர் மனைவியை மனநோயாளர் காப்பகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். குறை வழக்கத்தில் இருக்கிறது. அழைப்பு கணவருக்கு வந்தால் குடும்பத்துக்கே வந்ததாக எடுத்துக்கொண்டார்கள். 'முடியாது' என்று டாரதி சொன்னதை ஒரு பதிலாகவே யாரும் கேட்கவில்லை, மாற்ற வேண்டிய தடையாகவே பார்த்தார்கள். இருநூறு வருடம் கழித்து நம் பிரசங்க பீடங்களும் அப்படியே பார்க்கின்றன.

இன்னொரு குறை வாசலின் மறுபக்கத்திலிருந்து தெரிந்தது. கிறிஸ்தவ இல்லத்துக்கு மாதிரி காட்டுகிறோம் என்று கட்டிய மிஷன் பங்களாக்கள் நாளடைவில் மதில் வைத்த தனி உலகங்களாயின. பர்மியக் கிராமத்தில் பால் கேட்டு நின்ற தேவை அந்த மதிலுக்குள் இல்லை. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து சொன்னது இதைத்தான். பல வருடம் ஒன்றாக வேலை செய்தும் தம் வீட்டு மேசையில் இந்திய ஊழியரை உட்காரவைக்காத மிஷனெரிகளை மனதில் வைத்து, தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று அவர் கேட்டபோது அரங்கத்தில் பலருக்கு அது கசந்தது. அசரியா சொன்னதோடு நிற்கவில்லை. அவரும் மனைவி அன்பு மரியம்மாளும் திருநெல்வேலியை விட்டுத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஏற்கெனவே புறப்பட்டிருந்தார்கள். அங்கே அவரும் அயலூர்க்காரர்தான்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் என்னால் சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மனைவியிடமாவது சம்மதம் கேட்கலாம்; நாலு வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது? 1845இல் ஜட்சனின் இரண்டாவது மனைவி சாராவுக்கு உடல்நிலை மோசமானபோது, மூத்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சின்னஞ்சிறு மூன்று பிள்ளைகளை மௌல்மீனில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சாரா வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். தகப்பன் திரும்பி வருவதற்குள் விட்டுவிட்டுப் போன மூவரில் ஒரு பிள்ளை இல்லை. சீனாவில் மிஷனெரி மகளாக வளர்ந்த பேர்ல் பக், 1936இல் தாயைப் பற்றி ஒரு நூலும் தகப்பனைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஏழு பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்த தாய், வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தம் சீன மொழிபெயர்ப்பில் போட்ட தகப்பன். இருவரையும் அவர் நேசித்தார், ஆனால் கணக்கை மறைக்கவில்லை. மிஷனெரிகள் எழுதிய நூறு அறிக்கைகளில் இல்லாத உண்மை மகளின் அந்த இரண்டு புத்தகங்களில் இருக்கிறது.

பிள்ளைகளைச் சாகவிடக் கூடாது, பிறந்த நாட்டுக்கும் தூரமாய் அனுப்பக் கூடாது என்ற தேடலில்தான் நம் மலைகளில் விடுதிப் பள்ளிகள் வந்தன. இன்று ஊட்டியில் இருக்கும் ஹெப்ரான் 1899இல் குன்னூரில் தொடங்கியது. கொடைக்கானல் பள்ளி 1901இல். பல பிள்ளைகளுக்கு அவை நல்ல வீடாக இருந்தன, சிலருக்கு ஆறாத ஏக்கம். இரண்டு நாட்டிலும் முழுதாகச் சேராத இப்படிப்பட்ட பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் ரூத் யூசீம். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவருக்கு அந்தக் கருத்து உருவானது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே உழைத்த கிரஹாம் ஸ்டெயின்ஸின் மகன்கள் பிலிப்பும் தீமோத்தியும் ஊட்டியில் படித்தவர்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில்தான் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் தகப்பனோடு எரிக்கப்பட்டார்கள். அந்தக் குற்றம் முழுக்கக் கொன்றவர்களுடையது. பெற்றோரின் முடிவை அதற்காகக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நான் கவனிப்பது அதற்கு அப்புறம் நடந்ததை. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மகள் எஸ்தரோடு 2004வரை இங்கேயே இருந்து அந்தத் தொழுநோயாளிகளைக் கவனித்தார். அந்த முடிவை அவருக்காக வேறு யாரும் எடுக்கவில்லை.

இன்று நம் ஊர்களிலிருந்தே குடும்பங்கள் போகின்றன. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து இளம் தம்பதிகள் குஜராத்திலும் ஒடிசாவிலும் பீகாரிலும் மலைக்கிராமங்களில் இருக்கிறார்கள். கடல்கடந்து போகிறவர்களும் உண்டு. பணித்தளங்களில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கையாக வளர்வது பெரிய பலம். இரண்டு நாள் ரயில் தூரத்தில் அம்மாவை விட்டு இருப்பதும் அதே பிள்ளைகள்தான். மாதாமாதம் வரும் ஜெபக் கடிதத்தில் குடும்பப் படம் இருக்கும், ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கை இருக்கும், பிள்ளைகளின் படிப்புக்காக ஜெபியுங்கள் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். மருந்து கொடுப்பதும், பிரசவத்துக்குத் துணை போவதும், வருகிறவர்களுக்கெல்லாம் சமைப்பதும் மிஷனெரியின் மனைவியான அக்காதான். காணிக்கை ரசீதில் அவர் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பது என் கட்சியல்ல. குடும்பம் போன இடத்தில் முளைத்தது தனியாள் போன இடத்தில் முளைத்ததைவிட ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஆனால் அனுப்புகிற சபை மனைவியைக் கணவர் இல்லாமல் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும், ஒருமுறையல்ல, ஒவ்வொரு விடுமுறையிலும். அவருடைய வேலைக்குத் தனிப் படி வேண்டும். வளர்ந்த பிள்ளைகளையும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது திரும்பி வரும் வழி. நடுவில் வந்துவிடும் குடும்பத்தை நம் சபைகள் அழைப்பை விட்டு ஓடிவந்தவர்களாகப் பார்க்கின்றன. என்ன நடந்தது என்று கேட்பதற்குக்கூட ஆள் இல்லை. கைவைத்து ஜெபித்து அனுப்பும் ஆராதனையிலேயே சபை இதையும் வாக்காகக் கொடுக்கலாம்: எப்போது, எந்தக் காரணத்துக்காக வந்தாலும் ஓராண்டு வீட்டு வாடகை, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், சாட்சி சொல்ல ஒரு ஞாயிறு. அப்போது, எங்கோ ஒரு பணித்தளத்தில் ஒரு பெண் இனி முடியாது என்று சொல்லும் நாளில், அதை ஒரு பதிலாகக் கேட்க அவள் கணவருக்கும் அனுப்பிய சங்கத்துக்கும் வழி இருக்கும்.