இதுதானா கண்டுபிடிப்பு?

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஸ்லைடர் என்று ஒரு துணுக்கு உண்டு. சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அதன் அடிப்பக்க மேடு பள்ளங்களுக்குக்கூட பேட்டண்ட் கேட்பார்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வி: 'இந்த வடிவம் துறை தெரிந்தவனுக்குத் தானே தோன்றியிருக்காதா?' தோன்றும் என்றால் பேட்டண்ட் கிடையாது. நம்ம ஊர்ச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது.

சிக்கல் என்னவென்றால், விடையைப் பார்த்தபின் எல்லாக் கணக்கும் சுலபம்.

இதில் நமக்கு வழிகாட்டி 1978 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வழக்கு மிர்சாபூர் பாத்திரங்களைப் பற்றியது. தட்டை லேத்தில் பசை போட்டு ஒட்டியோ, ஒரு பக்கம் கவ்வியோ கடைவார்கள். சமயத்தில் தட்டு பறக்கும். மறுமுனையிலிருந்து அழுத்திப் பிடிக்க ஓர் அமைப்பைச் செய்து ஒரு கம்பெனி 1951 முதல் அமலாகும்படி பேட்டண்ட் வாங்கியது. அலகாபாத்தில் ஒரு நீதிபதி 'செல்லாது' என்றார்; இருவர் பெஞ்ச் 'செல்லும்' என்றது. டெல்லியில் முடிவாகச் 'செல்லாது'. டெயில் ஸ்டாக் ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம், இது வெறும் பட்டறைத் திருத்தம் என்றார்கள்.

தீர்ப்பின் அழகு, அது சொன்ன பரிசோதனை. பேட்டண்டைப் பார்க்காத, ஆனால் அதே தொல்லையை எதிர்கொண்ட தொழில்காரனுக்கு அன்றைக்குத் தெரிந்ததை வைத்து இது எட்டியிருக்குமா? சரியான கேள்வி. கூடவே, அந்த ஆள் வெறும் கைவினைஞன் அல்ல, விவரமான இன்ஜினீயர் மாதிரி இருக்கணும் என்கிறார்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பழனி மலை அடிவாரத்து அய்யம்பாளையத்தில் தேங்காய்தான் வாழ்க்கை. மட்டை உரிப்பவருக்குக் கூரான கம்பி ஒன்று போதும். கை தப்பினால் ரத்தம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கேரமித்ரா'வில் சேர்ந்து நிற்கும் இரண்டு ஆப்புகளில் காயைக் குத்தி, நெம்புகோலை இழுத்தால் ஒரு ஆப்பு விலகி மட்டை பிளக்கும். பார்த்ததும், 'அட, இவ்வளவுதானா!' என்போம். இவ்வளவுதான் என்றால் தலைமுறை தலைமுறையாகக் கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் கேள்விக்குச் சாட்சி இன்ஜினீயர் இல்லை, உரிக்கிறவர்தான். நீதிபதி அவர் கண்ணையும் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

மிர்சாபூரிலும் இதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்த டெயில் ஸ்டாக்குக்குக் காவல் போட்டால் சின்னப் பட்டறைக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் தோற்றவருக்குக் காரணம் இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும்.

இன்னொன்றும் புரியவில்லை. இன்றைய சட்டப்படி பேட்டண்டின் ஆயுள் 20 வருஷம். 1951 முதல் அமலான பேட்டண்ட் செல்லாது என்று முடிவாகச் சொல்ல ஆனது 27 வருஷம். இத்தனை 'சுலபமான' விஷயத்துக்கு!