வழி காட்டாத ஒரு படம்

பழைய திரைப்படங்களைத் தொல்பொருட்களாகப் போற்றுவோர் உளர். பொழுதுபோகாதோர்க்கு உரியவையென ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரோடும் நாம் உடன்படோம்.

இத்தாலிய நெறியாளர் விட்டோரியோ டி சீக்காவின் ‘துவிச்சக்கரவண்டித் திருடர்’ 1948இல், நாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னர், வெளிவந்தது. வேலையற்றிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்கு வண்டி வேண்டும், வண்டியோ அடகில். கட்டில் விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள் மனைவி. கடை ஊழியன் அம்மூட்டையைச் சுமந்துகொண்டு தட்டுகளின்மேல் ஏறுகிறான். ஏற ஏற, உயரே அடுக்கப்பட்டிருப்பவை யாவும் விரிப்பு மூட்டைகளே! ஒரு குடும்பத்தின் இல்லாமை ஒரு நகரின் இல்லாமையாக விரிவதைக் காட்ட ஒரு வசனமும் தேவைப்படவில்லை. (நாம் பார்த்துப் பழகிய படங்களிலோ வறுமை வந்ததும் நாயகன் பாடத் தொடங்கிவிடுவான்.) வேலையின் முதல் நாளே வண்டி களவு போகிறது.

தீர்வு கூறாத இப்படம் முற்போக்கானதாகுமா என நண்பர் சிலர் வினவுவர். தலைப்பிலுள்ள பன்மையை அவர்கள் கவனிக்கவேண்டும். களவெடுத்தவன் வீட்டிலும் வறுமையே குடியிருக்கிறது. தொழிலாளியைத் தொழிலாளியிடமே திருடவைக்கும் சமூகத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசாரமும் காட்டியதில்லை. ஈற்றில் அந்தோனியோவும் ஒரு வண்டியைத் திருட முயன்று பிடிபடுகிறான். மகன் புரூனோ அதைப் பார்த்து நிற்கிறான்.